பாடசாலையில் இரசாயனப் பொருட்கள்: பாதுகாப்புத் தகவலை எங்கே பெறுவது, எப்படிப் படிப்பது?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பசறை என்று எங்கே பயிற்சிப் பட்டறைக்குப் போனாலும் முக்கியமான கேள்விகள் தேநீர் இடைவேளையில்தான் வரும். ஆசிரியர்கள் நேரே வந்து கேட்பார்கள். ஆய்வுகூட உதவியாளர்களும் சிற்றூழியர்களும் கழிவறை சுத்தம் செய்யும் பெண்களும் கூட்டம் கலையும்வரை தயங்கி நின்று கேட்பார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தான் கையில் எடுக்கும் பொருள் தன் கண்ணையும் தோலையும் மூச்சையும் என்ன செய்யும் என்று பாடசாலையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளப் பட்டமோ பதவியோ தேவையில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

1. "டேட்டா ஷீட், டேட்டா ஷீட்னு சொல்றீங்களே சேர், அது என்ன? போத்தல்ல லேபல் இருக்கே, அது பத்தாதா?"

லேபல் என்பது சுருக்கம். முழு விவரமும் பாதுகாப்புத் தரவுத் தாளில் இருக்கும். அந்தப் பொருளைச் செய்து விற்பவர் எழுதித் தர வேண்டிய ஆவணம் அது. முன்பு எம்.எஸ்.டி.எஸ். என்றார்கள், இப்போது எஸ்.டி.எஸ். என்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். ஐக்கிய நாடுகள் சபை 2003இல் முதன்முதலாக வெளியிட்ட ஜி.எச்.எஸ். என்ற உலகப் பொது முறைப்படி, இந்தத் தாளில் 16 பகுதிகள் இருக்கும். எந்த நாட்டில் எந்தக் கம்பனி எழுதினாலும் வரிசை மாறாது. அதனால் ஒரு தாளைப் படிக்கப் பழகிவிட்டால் மற்றத் தாள்களிலும் தேடியது எங்கே இருக்கும் என்று கை தானாகப் போகும்.

பதினாறையும் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. முதலில் 2ஆம் பகுதி: என்ன ஆபத்து. அடுத்து 4: முதலுதவி. 7: எப்படிக் கையாள்வது, எங்கே வைப்பது. 8: என்ன கையுறை, என்ன கண்ணாடி. அப்புறம் நேரம் இருந்தால் 6ஆம் பகுதியையும் (சிந்தினால் என்ன செய்வது) 10ஆம் பகுதியையும் (எதோடு சேரக் கூடாது) பாருங்கள். 10ஆம் பகுதியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். பாடசாலைகளில் நடக்கும் விபத்துகளைப் பார்த்தால் அதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

2. "நான் லேப் பக்கமே போறதில்ல. டொய்லட் கழுவுறவ. எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

உங்களுக்குத்தான் முதலில். ஆய்வுகூடத்தில் அமிலம் வாரத்துக்கு ஒரு தடவை வெளியே வரும், அதுவும் ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது. நீங்களோ தினமும், சின்ன ஜன்னல் ஒன்று மட்டும் உள்ள அறைக்குள், தனியாக, பலமான இரசாயனங்களோடு வேலை செய்கிறீர்கள்.

உங்கள் சாமான் அறையைப் பாருங்கள். ஒரு மூலையில் கிருமி கொல்ல வைத்திருக்கும் குளோரின் பவுடர், இன்னொரு மூலையில் மஞ்சள் கறை போக்கும் டொய்லட் கிளீனர் அல்லது ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய அசிட். குளோரின் பவுடர் என்பது கல்சியம் ஐப்போகுளோரைற்று. டொய்லட் கிளீனர் பலவற்றிலும் கடை அசிட்டிலும் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். தனித்தனியே இரண்டும் நன்றாக வேலை செய்யும். 'கறை விடவே மாட்டேங்குது' என்று ஒன்றின் மேல் மற்றதைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நீங்கள் குனிந்து தேய்ப்பதும் அங்கேதான். ஒரு குளோரின் பவுடர் தாளைத் திறந்து 2ஆம் பகுதியையும் 10ஆம் பகுதியையும் பாருங்கள்: அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும் என்று நேரடியாகவே எழுதியிருக்கும். அமோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தாலும் குளோரமீன் என்ற வேறு நச்சு வாயு வரும்.

தவறிக் கலந்துவிட்டால் கழுவி முடிக்கலாம் என்று உள்ளே நிற்காதீர்கள். உடனே வெளியே வந்து பிள்ளைகளையும் தூர அனுப்புங்கள். இருமல், நெஞ்சு இறுக்கம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணித்தியாலம் கழித்தும் நுரையீரலில் நீர் கோர்க்கலாம், அதனால் 'இப்ப சரியாகிட்டுது' என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. மழையும் பனிமூட்டமும் உள்ள மாதங்களில் குளோரின் பவுடர் ஈரத்தை இழுக்கும், தானாகவே குளோரின் மணம் விடும். தகர மூடியைத் துருப்பிடிக்க வைக்கும். பிளாஸ்டிக் கொள்கலனில், இறுக்கமாக மூடி, அமிலம் இருக்கும் அறையில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.

3. "இந்தத் தாள் எங்க கிடைக்கும்? காசு கட்டணுமா?"

காசு எதுவும் இல்லை. முதல் இடம், பொருளை விற்றவர். விலைமனு கோரும்போதே 'ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் இணைக்கப்பட வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பொருள் வந்து, பணமும் கொடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். முன்னாலேயே நிபந்தனையாகப் போட்டால் பெட்டியோடு வந்துவிடும். இது என் கண்ணால் பார்த்தது.

விற்றவர் தராவிட்டால் போத்தலில் உற்பத்தியாளரின் பெயர் இருக்கும். அவர்களுடைய இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தட்டினால் தாள் வரும். அதுவும் இல்லையென்றால் பொதுவான இடங்கள் மூன்று. சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து தயாரிக்கும் சர்வதேச இரசாயனப் பாதுகாப்பு அட்டைகள்: ஒரு பொருளுக்கு ஓரிரு பக்கம், நேரடி வசனங்கள். பப்கெம்: அமெரிக்க அரசின் தரவுத்தளம், ஆய்வுகூடத்துக்கென்றே சுருக்கம் வைத்திருக்கிறது. கிளீப்ஸ்: பிரித்தானியப் பாடசாலைகளின் விஞ்ஞானப் பாட ஆலோசனைச் சேவை. அவர்களுடைய மாணவர் பாதுகாப்புத் தாள்களை யாரும் இலவசமாக எடுக்கலாம். பாடசாலைக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன், ஏனென்றால் வகுப்பறையில் பாவிக்கும் செறிவுகளை வைத்தே எழுதியிருக்கிறார்கள்.

4. "எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. எங்க ஸ்டோர் பொறுப்பாளருக்கு வாசிக்கத் தெரியாது. என்ன செய்யிறது?"

16 பகுதிகளையும் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் அந்த வேலை முடியவே முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தமிழ் அட்டை செய்யுங்கள், அது போதும். விஞ்ஞான ஆசிரியரும் அந்தப் பொருளைக் கையாள்பவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஆசிரியர் மட்டும் எழுதினால் பாடப்புத்தகத் தமிழில் வந்துவிடும். செறிந்த சல்பூரிக்கமிலத்துக்கு நாங்கள் எழுதிய அட்டை இப்படி இருந்தது:

'செறிந்த சல்பூரிக்கமிலம். அபாயம். தோலையும் கண்ணையும் கடுமையாக எரிக்கும், துணியை ஓட்டையாக்கும். எடுக்கும்போது கண்ணாடி, கையுறை, மேலங்கி கட்டாயம். கலக்கும்போது தண்ணீருக்குள் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. அமிலத்துக்குள் தண்ணீர் விடாதே, கொதித்துத் தெறிக்கும். கீழ்த் தட்டில், தட்டத்துக்குள் வை. பொற்றாசியம் பரமங்கனேற்று, சோடியமைதரொட்சைட்டு பக்கத்தில் வைக்காதே. பட்டால்: உடுப்பைக் கழற்று, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவு, 1990க்கு அழை.'

இவ்வளவுதான். இதில் இல்லாத விவரம் வேண்டுமானால் ஆங்கிலத் தாள் கோப்பில் இருக்கிறது. வாசிக்கவே தெரியாதவருக்கு அட்டையை வாசித்துக் காட்டி, அவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். கையெழுத்து வாங்கிக் கோப்பில் போட்டால் தகவல் சேர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

5. "படத்த மட்டும் பாத்து விளங்கிக்க முடியாதா?"

முக்கால்வாசி முடியும். சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் கறுப்புப் படம். மொத்தம் 9. கையிலும் உலோகத்திலும் திரவம் விழுவது அரிப்பு. சுவாலை என்றால் தீப்பற்றும். வட்டத்தின் மேல் சுவாலை இருந்தால் அது ஒட்சியேற்றும் பொருள், தானே எரியாவிட்டாலும் மற்றதை எரிய வைக்கும். பரமங்கனேற்றில் இதைப் பார்ப்பீர்கள். மண்டையோடு என்றால் கொஞ்சமே போதும், உயிர் போகலாம். மனித மார்பில் நட்சத்திரம் வெடித்தது போல் ஒரு படம் இருக்கும். பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. புற்றுநோய், கருவுக்குப் பாதிப்பு, மூச்சு ஒவ்வாமை என்று மெதுவாகவும் ஆழமாகவும் வரும் பாதிப்புகளுக்கு இந்தப் படம்தான்.

அலுமாரியில் செம்மஞ்சள் சதுரத்துக்குள் படம் போட்ட போத்தல் இருந்தால் அது பழைய ஐரோப்பிய முறை. அந்தப் போத்தல் பல வருடம் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். 11ஆம், 17ஆம் கேள்விகளைப் பாருங்கள்.

6. "எங்க ஸ்கூல் இருக்கிற டிவிஷன்ல சிக்னலே இல்ல. ஃபோன்ல எப்படித் தேடுறது?"

தேட வேண்டிய நிலை வரவே கூடாது. சிக்னல் இருக்கும் இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, உங்கள் பாடசாலையில் உள்ள பொருட்களின் தாள்களை மட்டும் இறக்கி அச்செடுங்கள். ஒரு பிரதி ஆய்வுகூடத்தில், கதவுக்குப் பக்கத்தில். இன்னொன்று அலுவலகத்தில். ஆய்வுகூடத்துக்குள் புகை நிறைந்திருக்கும்போது உள்ளே போய்க் கோப்பை எடுக்க முடியாது, அதற்காகத்தான் இரண்டாவது பிரதி. பூட்டிய அலுமாரிக்குள் வைத்தால் அந்தக் கோப்பு இல்லாததற்குச் சமம்.

நம் காலநிலையில் கடதாசி ஒரு தவணைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். 4ஆம் கேள்வியில் சொன்ன தமிழ் அட்டைகளை லமினேற் செய்துவிடுங்கள். மற்றவற்றைப் பிளாஸ்டிக் உறை உள்ள கோப்பில் போடுங்கள்.

7. "ஏதாவது நடந்துட்டா யாருக்கு முதல்ல போன் பண்றது?"

ஆள் மயக்கமாகவோ மூச்சுத் திணறியோ கண் எரிந்தோ இருந்தால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ். இலவசம், தமிழிலும் பேசலாம். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாவிட்டால், அல்லது எதையாவது குடித்துவிட்டால், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்துக்கு அழையுங்கள்: 011 2686143. வைத்தியர்கள் மட்டும்தான் அழைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். யாரும் அழைக்கலாம். இந்த இரண்டு இலக்கங்களையும் தொலைபேசி இருக்கும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியது போத்தல், அல்லது அதன் லேபல் தெளிவாகத் தெரியும் படம். எவ்வளவு, எப்போது, ஆளுக்கு என்ன வயது என்றும் கேட்பார்கள். நோயாளியை அனுப்பும்போது தரவுத் தாளையும் கூடவே கொடுத்துவிடுங்கள். டிக்கோயா, நுவரெலியா, பதுளை என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வைத்தியர் முதலில் கேட்பது 'என்ன பட்டது?' என்றுதான். 'ஏதோ அசிட்' என்ற பதிலால் அவருக்குப் பிரயோசனம் இல்லை. தோட்டத்து மருந்துசாலை பக்கத்தில் இருந்தால் காட்டுங்கள், ஆனால் அம்புலன்ஸை அழைத்துவிட்டுக் காட்டுங்கள்.

8. "அசிட் பட்ட இடத்துல சுண்ணாம்புத் தண்ணி ஊத்துறதா, சோடாத்தூள் போடுறதா? குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்கணுந்தானே?"

எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்பதுதான் பதில். அமிலமும் காரமும் சேரும்போது சூடு பிறக்கும், எரிந்த தோலின் மேலேயே அந்தச் சூட்டையும் ஏற்றுவீர்கள். வெறும் தண்ணீர், ஓடும் தண்ணீர், 15 முதல் 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் பதறும்போது இரண்டு நிமிடமே பத்து நிமிடமாகத் தெரியும். கண் என்றால் இமையைப் பிரித்துப் பிடித்து, மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓட விடுங்கள். பாடசாலைக் குழாயில் தண்ணீர் வராத நாட்கள் நமக்குப் புதிதில்லை. அதனால் செய்முறை தொடங்கும் முன் பைப்பைத் திறந்து பாருங்கள். தண்ணீர் இல்லையென்றால் சுத்தமான தண்ணீர் நிறைந்த வாளிகளும் ஜக்கும் இருக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் அன்றைக்கு அமிலச் செய்முறை வேண்டாம்.

குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போகும்போது எரித்தது வரும்போதும் எரிக்கும், மண்ணெண்ணெய் போன்றவை நுரையீரலுக்குள் போய்விடும். சவர்க்காரத் தண்ணீர், முட்டை, எண்ணெய் என்று எதுவும் கொடுக்க வேண்டாம். வாயைக் கொப்பளிக்கச் செய்துவிட்டு, 7ஆம் கேள்வியில் உள்ள நச்சுத் தகவல் நிலையத்தின் இலக்கத்தை அழையுங்கள்.

9. "அதிபர்கிட்ட கேட்டா 'அதெல்லாம் உங்க வேலை இல்ல'ங்கிறாரு. எனக்குக் கேக்க உரிமை இருக்கா?"

இருக்கிறது. முதலில் ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள்: 'நான் தினமும் பாவிக்கும் இன்ன இன்ன பொருட்களின் பாதுகாப்புத் தரவுத் தாள் தேவை.' திகதி போட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் இதோடு சரியாகிவிடும். அநேகமான அதிபர்கள் மறுப்பது கெட்ட எண்ணத்தால் இல்லை, அவர்களிடமும் அந்தத் தாள் இருப்பதில்லை. அதனால் 3ஆம் கேள்வியில் சொன்ன இடங்களில் நீங்களே இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் நல்லதுதான்.

அதற்கும் அசையாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. வலயக் கல்விப் பணிமனைக்கோ மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கோ தகவல் அலுவலர் பெயருக்கு எழுதலாம். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அலுவலர் எழுதி எடுக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒருவருடைய உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம். ஆனால் இந்தச் சட்டம், அவர்கள் கையில் உள்ள தகவலுக்குத்தான். என்னென்ன இரசாயனம் எப்போது எவ்வளவு வழங்கப்பட்டது என்ற பட்டியல் அவர்களிடம் கட்டாயம் இருக்கும். அதைக் கேளுங்கள். பட்டியல் கிடைத்தால் தாள்களை நீங்களே தேடிவிடலாம்.

10. "ஃபெக்டரியில வேலை செய்யிறவங்களுக்குச் சட்டம் இருக்காமே, அது எங்களுக்கும் பொருந்துமா?"

1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தைச் சொல்கிறீர்கள். தேயிலை ஃபெக்டரி அதற்குள் வரும், பாடசாலை வராது. இதைச் சொன்னால் சிலர் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். தேவையில்லை. 2009இன் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் பயிற்சியும் ஆலோசனையும் தருகிறது. பாடசாலையோ வலயமோ எழுதிக் கேட்கலாம். தாளைப் படிக்க எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை.

11. "லேபல் உரிஞ்ச போத்தல் நாலஞ்சு இருக்கு. ஒண்ணு சோடாப் போத்தல்ல. மோந்து பாத்து கண்டுபிடிக்கலாமா?"

மோந்து பார்க்காதீர்கள். அசைத்தும் பார்க்க வேண்டாம். தெரியாத பொருளுக்குத் தாள் தேட வழியில்லை, ஆகவே அதை மிக ஆபத்தான பொருளாகவே நினைத்து நடத்துங்கள். 'அடையாளம் தெரியாதது, தொடாதே' என்று எழுதி, திகதி போட்டு, தட்டத்துக்குள் தனியே வையுங்கள். பழைய கையிருப்புப் பதிவேட்டைப் பாருங்கள். முன்பு அங்கே வேலை செய்த ஆசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். இப்படிப் பல போத்தல்களின் பெயர் கிடைத்துவிடும். கிடைக்காதவை 17ஆம் கேள்விக்குப் போகும்.

இனி உரியாமல் இருக்க, லேபலின் மேல் அகலமான தெளிவு டேப்பைச் சுற்றிலும் ஒட்டுங்கள். பெயர், செறிவு, திகதி மூன்றும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தால் ஈரத்தில் அழியாது, மையானால் ஓடிவிடும். குடிக்கும் பானம் வந்த போத்தலில் எந்த இரசாயனத்தையும் ஊற்றி வைக்க வேண்டாம். தாகத்தோடு வரும் பிள்ளை லேபலைப் படிக்காது.

12. "ஸ்பிரிட்னு கேட்டா ஸ்பிரிட்தானே தருவாங்க? எத்தனோல், மெதனோல் எல்லாம் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை. எதனோல் தீப்பற்றும். மெதனோலும் தீப்பற்றும், ஆனால் அது கூடவே கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். நிறத்திலோ மணத்திலோ வித்தியாசம் காண்பது கஷ்டம். பெயரில் ஒரு எழுத்து மாறினால் வேறு பொருளின் தாள் கைக்கு வந்துவிடும்.

இதற்காகத்தான் சி.ஏ.எஸ். எண். ஒரு பொருளுக்கு ஒரு எண், அது உலகம் முழுவதும் ஒன்றே. எதனோல் 64-17-5, மெதனோல் 67-56-1, சல்பூரிக்கமிலம் 7664-93-9. தேசிய அடையாள அட்டை இலக்கம் மாதிரி: பெயர் ஒரே மாதிரி இருக்கலாம், இலக்கம் இருக்காது. போத்தலில் உள்ள எண்ணும் தாளின் 1ஆம் அல்லது 3ஆம் பகுதியில் உள்ள எண்ணும் ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகே தாளைக் கோப்பில் போடுங்கள்.

13. "ஒரு தாள்ல 'வகை 1'னு இருக்கு. ஒண்ணுன்னா ஆபத்து குறைவுதானே?"

மாறி விளங்கிக்கொள்ளும் இடம் இதுதான். ஜி.எச்.எஸ். முறையில் எண் குறையக் குறைய ஆபத்து கூடும். வகை 1 என்பது மிக மோசமானது. ஆனால் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு கட்டமாகப் பிரிந்த அமெரிக்கச் சாய்சதுரம் ஒன்றும் சில போத்தல்களில் இருக்கும். அதில் 0 முதல் 4 வரை, 4தான் மிக மோசம். ஒரே அலுமாரியில் இரண்டும் இருக்கலாம். குழப்பமாக இருந்தால் எண்ணை விட்டுவிட்டு எச்சரிக்கைச் சொல்லைப் பாருங்கள்: 'டேஞ்சர்' என்றால் கடுமை, 'வோர்னிங்' என்றால் அதற்கு ஒரு படி கீழே.

14. "தண்ணி கலந்த அமிலத்துக்கும் அதே தாள்தானா? ஐதாக்கினா பயமில்லைன்னு பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?"

செறிவு மாறினால் ஆபத்தும் மாறும், தாளும் மாறும். ஐரோப்பிய வகைப்படுத்தலில் சல்பூரிக்கமிலம் 15 சதவீதத்துக்கு மேல் அரிக்கும், 5 முதல் 15 வரை எரிச்சல் தரும். ஐதரோகுளோரிக் அமிலம் 25 சதவீதத்துக்கு மேல்தான் அரிக்கும் வகை.

சோடியமைதரொட்சைட்டு அப்படி இல்லை. 2 சதவீதத்திலேயே அரிக்கும் வகைக்குள் வந்துவிடும். லீற்றருக்கு 1 மூல் கரைசலில் ஏறக்குறைய 4 சதவீதம் இருக்கிறது. அதாவது, வகுப்பில் 'ஐதான காரம்' என்று பிள்ளைகள் கையில் கொடுக்கும் கரைசல், அதே 1 மூல் ஐதரோகுளோரிக் அமிலத்தைவிடக் கண்ணுக்கு ஆபத்தானது. அமிலம் பட்டால் உடனே சுரீர் என்று தெரியும், காரம் வழுவழுப்பாக இருக்கும், பிள்ளை சொல்லாமலே இருந்துவிடும். அமிலத்துக்குக் கண்ணாடி போடச் சொல்லிவிட்டுக் காரத்துக்குப் போடாமல் விடும் வகுப்புகளை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து இதை மாற்றுங்கள்.

15. "மிஸ், நான் மாசமா இருக்கேன். லேப் வேலை செய்யலாமா?"

எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தது, அதைத் தாளே சொல்லும். 2ஆம் பகுதியில் எச்360, எச்361, எச்362 என்ற குறியீடுகளைத் தேடுங்கள். முதல் இரண்டும் கருவளத்துக்கும் கருவில் உள்ள பிள்ளைக்கும், மூன்றாவது தாய்ப்பாலுக்கும். ஈயநைத்திரேற்று, பொற்றாசியம் இருகுரோமேற்று, போராக்சு, தொலுயீன் ஆகியவற்றின் தாள்களில் இந்த வகைக் குறியீடு இருக்கும். போராக்சு பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உயிரியல் மாதிரிகள் கிடக்கும் ஃபோர்மலின் புற்றுநோய்க் குறியீடு உள்ளது, அதைத் திறந்து வேலை செய்வதையும் தவிருங்கள்.

இந்தப் பொருட்களின் பெயரை ஒரு துண்டில் எழுதி, கிளினிக்கில் மிட்வைஃபிடமும் டொக்டரிடமும் காட்டுங்கள். அந்த வேலையை வேறொருவருக்கு மாற்றித் தரச் சொல்லி அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை. முதல் மாதங்கள்தான் முக்கியம் என்பதால் எல்லாருக்கும் தெரிய வரும்வரை காத்திருக்காதீர்கள்.

16. "ஸ்கூலுக்கு மேல இருக்கிற மலையில மருந்தடிக்கிறாங்க. காத்துக்கு வகுப்புக்குள்ளேயே மணக்குது. என்ன மருந்துன்னு நாங்க கேக்கலாமா?"

கேட்க வேண்டும். இலங்கையில் பதிவான களைகொல்லி, பூச்சிகொல்லிகளின் லேபல் மூன்று மொழியிலும் இருக்கும், முதலுதவியும் அதில் இருக்கும். வெளிக்கள உத்தியோகத்தரிடம் லேபலை ஒரு படம் எடுக்கக் கேளுங்கள். அதிபர் தோட்ட முகாமையாளருக்குக் கடிதம் எழுதி, மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லவும், பாடசாலை முடிந்த பிறகு அல்லது விடுமுறை நாளில் அடிக்கவும் கேட்கலாம். தொரையிடம் போவதற்கு ஆசிரியர்கள் சேர்ந்து போனால் நல்லது. பிள்ளைகளின் பெற்றோர் அதே தோட்டத்தில் வேலை செய்கிறார்கள், அவர்களைத் தனியே முன்னால் அனுப்ப வேண்டாம்.

பொருளின் பெயர் தெரிந்தால், பேராதனை கெட்டம்பேயில் உள்ள பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்தில் அது பதிவானதா, எதற்கு அனுமதி என்று விசாரிக்கலாம். பழைய ஞாபகத்தை நம்ப வேண்டாம், விதிகள் மாறிக்கொண்டே வந்தன: கிளைபொசேற்று என்ற களைகொல்லி 2015இல் தடையானது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். பரகுவாட்டு அதற்கு முன்பே படிப்படியாகத் தடையானது. பாடசாலைத் தோட்டச் சாமான் அறையில் பழைய கிரமக்சோன் (பரகுவாட்டின் வியாபாரப் பெயர்) போத்தல் இருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். 9ஆம் கேள்வியில் சொன்ன தகவலறியும் சட்டம் அரச பெருந்தோட்ட யாக்கம், மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை போன்ற அரச தோட்டங்களில் பயன்படும். கம்பனித் தோட்டம் என்றால் பதிவாளர் அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும்.

17. "பழசெல்லாம் ஒரு அலுமாரி நிறைய இருக்கு. சிங்க்ல ஊத்தித் தண்ணிய திறந்து விட்டா போயிடாதா?"

போகும். உங்கள் சிங்க்கிலிருந்து கானுக்கு, கானிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து கீழ் லயத்துப் பீலிக்கு. மலையில் எல்லாம் கீழே யாரோ குடிக்கும் தண்ணீரில்தான் போய்ச் சேரும். எரிப்பதும் புதைப்பதும் அதே மாதிரிதான். தாளின் 13ஆம் பகுதியைப் பாருங்கள். பார உலோகங்கள், இருகுரோமேற்று, காபன்நாற்குளோரைட்டு, பென்சீன், பூச்சிகொல்லி எதுவும் தண்ணீருக்குள் போகக் கூடாது.

முதலில் பட்டியல் எழுதுங்கள்: பெயர், அளவு, போத்தலின் நிலை. அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிமனைக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஆபத்தான கழிவை யார் எடுக்கலாம் என்று அனுமதிப்பத்திரம் கொடுப்பது அவர்கள்தான். பக்கத்துப் பாடசாலைகளும் சேர்ந்து எழுதினால் சீக்கிரம் அசைவார்கள்.

இரண்டு பொருட்களுக்கு மட்டும் காத்திருக்க முடியாது. பிக்கிரிக் அமிலம் காய்ந்து, மூடியைச் சுற்றி மஞ்சள் பளிங்கு தெரிந்தால் அது வெடிக்கக் கூடியது. தொடாமல், மூடியைத் திருகாமல், அறையைப் பூட்டிவிட்டுப் பொலிசுக்கும் வலயத்துக்கும் சொல்லுங்கள். உடைந்த வெப்பமானியிலிருந்து இரசம் சிந்தியிருந்தால் விளக்குமாறு வைத்துப் பெருக்காதீர்கள், துளிகள் இன்னும் சிதறி ஆவியாகும். ஜன்னலைத் திறந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இரண்டு கடதாசி அட்டைகளால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள போத்தலில் அடைத்துப் பெயர் எழுதுங்கள்.

18. "ரெண்டு தாள்ல ரெண்டு விதமா இருக்கு. ஃபோன்ல ஏஐகிட்ட கேட்டா மூணாவதா ஒண்ணு சொல்லுது. எத நம்புறது?"

சி.ஏ.எஸ். எண், செறிவு, திருத்திய திகதி ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் செறிவு வேறாக இருக்கும், அல்லது ஒரு தாள் பழையதாக இருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தும் முரண்பட்டால், உங்கள் கையில் உள்ள போத்தலைச் செய்த கம்பனியின் தாளை வையுங்கள். முன்னெச்சரிக்கை விஷயத்தில் இரண்டில் கடுமையானதைப் பின்பற்றுங்கள்.

ஏஐ, யூடியூப் எல்லாம் கஷ்டமான ஆங்கில வசனத்தை விளங்கிக்கொள்ள உதவும். அளவு, முதலுதவி, எதோடு எது சேரக் கூடாது என்ற மூன்றையும் அவற்றிடமிருந்து எடுத்து அட்டையில் எழுதாதீர்கள். தாளில் அந்த வரியைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் எந்தத் தாள், எந்தத் திகதி என்று குறித்து வைத்தால், அடுத்த வருடம் புதிதாக வருபவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.